பத்தாவது தூக்கல்

ஆகஸ்ட் 3, ஞாயிறு. இன்று ஒரு பிழை. ஏட்டின்படி பதினான்கு தூக்கலில் சாளை நாற்பத்திரண்டு. தொட்டியில் எண்ணியபோது முப்பத்தேழு. இரண்டு முறை எண்ணினேன். செத்து மிதந்தது இல்லை, வெளியே துள்ளி விழுந்தது இல்லை. எங்கோ ஐந்து கூடுதலாக எழுதியிருக்கிறேன். பத்தாவது தூக்கல் மேல் சந்தேகம், நிச்சயமில்லை. வகுப்பில் சொன்னபடி அடித்துத் திருத்தாமல் அப்படியே விட்டிருக்கிறேன்.

அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை காலை, சல்வா கூடத்து நாற்காலிகளை ஒவ்வொன்றாக வெளி நடைபாதைக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தாள். மூன்றாவது நாற்காலியைத் தூக்கியபோது, பள்ளிவாசலிலிருந்து வந்திருந்த இமாம் கைபேசியில் விவரங்களை ஏற்றியபடி ஒரு கேள்வி கேட்டார்.

"ஜுமாட் பின் அவாங். அறுபத்தொரு வயசு. சரி. அவரோட அம்மா பேரு?"

சல்வா நாற்காலியைக் கீழே வைத்தாள்.

கூடத்தின் நடுவில், மெத்தைமேல், பாத்தேக் துணி போர்த்திக் கிடந்தார் ஜுமாட். சல்வாவின் அம்மா ரோக்கியாவை அவர் மணந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. விடியற்காலைத் தொழுகைக்கு எழுந்தவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, கொஞ்சம் இரு என்பதுபோல் கையைக் காட்டினாராம். அம்மா தண்ணீர் எடுத்து வருவதற்குள் முடிந்துவிட்டது. பல வருடங்களாக இருதயத்துக்கு மாத்திரை சாப்பிட்டவர் என்பதால் டாக்டர் அதிகம் கேட்காமல் எழுதிக் கொடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை பிறந்தவர், அதனால்தான் ஜுமாட் என்று பேர், வெள்ளிக்கிழமையே போயும்விட்டார், கொடுத்துவைத்தவர் என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

இமாம் கேள்வியைத் திரும்பக் கேட்டார். அடக்கம் முடிந்ததும் கபுரடியில் உட்கார்ந்து தல்கீன் ஓத வேண்டும். விசாரிக்க வரும் வானவர்களுக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று மண்ணுக்குள் இருப்பவருக்கு எடுத்துச் சொல்வது அது. அப்போது தகப்பன் பேர் உதவாது. இன்ன தாயின் பிள்ளையே என்றுதான் கூப்பிடுவார்கள்.

ரோக்கியா ரம்பை இலையைப் பொடிப்பொடியாக நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைத் தட்டில் வைத்தாள். அவர் தன் தாயைப் பற்றிப் பேசினால் 'போய்ச் சேர்ந்த அம்மா' என்று மட்டும்தான் சொல்வார் என்றாள். அடையாள அட்டையில் அப்பா பேர்தான் இருக்கிறது. அவருடைய ஒரே தங்கை சாபியா, இந்தோனேசியாவின் ரியாவ் பக்கம் மோரோவிலிருந்து இன்னும் அரைமணி நேரம் படகில் போக வேண்டிய ஒரு சின்னத் தீவில் இருக்கிறாள். அங்கே மாலையில்தான் மின்சாரம் வரும். காலையிலிருந்து சல்வா அந்த எண்ணுக்குப் பதினொரு முறை போட்டிருந்தாள். மணியே அடிக்கவில்லை.

"தெரியலன்னா பரவாயில்ல," என்றார் இமாம். "ஹவ்வாவோட மகனேன்னு கூப்பிட்டுடலாம். எல்லாருக்கும் அவங்கதானே முதல் தாய். தப்பே இல்ல."

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் ரோக்கியாவின் முகம் சுருங்கிவிட்டது. பக்கத்தில் நாலைந்து பெண்கள் இருந்தார்கள். எல்லோருக்கும் கேட்டிருக்கும்.

அவள் எழுந்து சல்வாவை அடுப்படிக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"ஆறு வருஷம் சோறு போட்டேன். மீன்ல எந்தப் பக்கத்த மொதல்ல சாப்பிடுவாருன்னு தெரியும். அவங்கம்மா பேரு தெரியல. ஊர் பேர் தெரியாத பொணத்துக்குச் சொல்ற மாதிரி சொல்லி அனுப்பணுமா இவர?"

முக்காட்டு நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நீதானே அவரோட ஜெட்டிக்கு மீன் பிடிக்கப் போவ. அங்க யார்கிட்டயாவது பேசியிருப்பாரு. போய்க் கேட்டுட்டு ஜும்ஆ தொழுகைக்கு முன்னாடி வந்துடு."

அவருடைய சைக்கிளையே எடுத்துக்கொண்டு போனாள். பின்னால் தொட்டி வைப்பதற்காக அவர் பற்றவைத்த இரும்புச் சட்டம் ஒவ்வொரு மேட்டிலும் கிலுகிலுத்தது. நெடுஞ்சாலைக்கு அடியில் போகும் சுரங்கப் பாதையில் இறங்கி ஏறினால் கடற்கரைப் பூங்கா. அங்கிருந்து, கடலுக்குள் நீண்டு நிற்கும் ஜெட்டி பத்து நிமிடம்.

அவள் பகலில் ஒரு பல் மருத்துவமனையில் பெயர் பதிகிறாள். வாரத்தில் மூன்று நாள் மாலையில் புள்ளியியல் வகுப்பு. ஜூன் மாதம் ஆசிரியர் ஒரு வேலை கொடுத்தார்: ஏதாவது ஒன்றைத் தேர்ந்து தொடர்ந்து எண்ணுங்கள், தேதி போட்டு எழுதுங்கள், பிழை நடந்தால் பிழை என்றும் எழுதுங்கள். மற்றவர்கள் பேருந்துகளையும் மழையையும் எடுத்துக்கொண்டார்கள். சல்வாவுக்கு எதுவும் தோன்றவில்லை. வீட்டில் அதைச் சொன்னபோது ஜுமாட், சோற்றுத் தட்டிலிருந்து தலை நிமிராமல், இரை மீனை எண்ணேன் என்றார்.

அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் அவரோடு போகத் தொடங்கினாள். அவர் வஞ்சிரத்துக்குப் போடுகிறவர். வஞ்சிரம் செத்த மீனைத் திரும்பிப் பார்க்காது. அதனால் முதல் இரண்டு மணி நேரம் உயிரோடு சாளை பிடிப்பதிலேயே போகும். ஆறு சின்ன முள்ளும் ஒவ்வொரு முள்ளிலும் மினுங்கும் ஒரு துணுக்கும் கட்டிய தூண்டில் நரம்பை அடியில் ஈயக் குண்டோடு இறக்கி, தூணோரமாக மெல்ல உயர்த்தித் தாழ்த்துவார். கொத்தியதும் மேலே தூக்குவார். சாளையைக் கையால் தொடக் கூடாது. தொட்டால் செதில் உதிரும், அரைமணியில் செத்துவிடும். வளைத்த கம்பியில் முள்ளை மாட்டி ஒரு உதறு உதறினால் மீன் தானாகத் தொட்டிக்குள் விழும். தொட்டி வட்டமாக இருக்க வேண்டும். மூலை இருந்தால் மூக்கை முட்டிக்கொள்ளும். நாற்பத்தைந்துக்கு மேல் போட்டால் காற்றடிக்கும் பம்பு இருந்தும் மூச்சுத் திணறும். ஆகவே எண்ணிக்கை நிஜமாகவே தேவைப்பட்டது. அவர் ஒவ்வொரு தூக்கலுக்கும் எண்ணைச் சொல்வார், அவள் எழுதுவாள், "எழுதிட்டியா?" என்பார், "எழுதிட்டேன்" என்பாள்.

முதல் இரண்டு வாரம் அவர் எண்களுக்கு நடுவில் நிறையப் பேசினார். தீவைப் பற்றி, சிங்கப்பூருக்கு முதலில் வந்து வேலை பார்த்த கப்பல் பட்டறையைப் பற்றி. கணக்கு இரண்டு முறை தவறியது. மூன்றாவது வாரம் சல்வா சொல்லிவிட்டாள்.

"பாக்சிக், தூக்கும்போது எண்ண மட்டும் சொல்லுங்க. கதை வேணாம். எனக்குத் தப்புது."

யாரோ தெரிந்த பெரியவரைக் கூப்பிடுவதுபோல் அவரைப் பாக்சிக் என்றுதான் அவள் கூப்பிடுவாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "உத்தரவு, கணக்குப்பிள்ளை," என்றார். அதன் பிறகு எண்ணை மட்டும்தான் சொன்னார்.

சைக்கிளை மிதித்துக்கொண்டே அவருக்குத் தெரிந்தவர்களை வரிசைப்படுத்திப் பார்த்தாள். ஜெட்டியில் அவரோடு தினமும் பேசுகிறவர் ஒருவர்தான். கோ அங்கிள்.

வெள்ளிக்கிழமை காலை என்பதால் ஜெட்டியில் கூட்டமில்லை. கோ வழக்கமான இடத்தில், வலது பக்கம் ஒரு ஆள் நிற்கும் அளவு இடம் விட்டு நின்றிருந்தார். எழுபதைத் தாண்டிய சீனர், டாக்சி ஓட்டி ஓய்வு பெற்றவர். மலாய் பேசினால் ஜுமாட்டை விட வேகமாகப் பேசுவார்.

"என்ன கணக்குப்பிள்ளை, வெள்ளிக்கிழமையும் வந்தாச்சு? எங்க உங்க ஆளு? வஞ்சிரம் மேயற நேரத்துல தூங்கறானா?"

சல்வா சைக்கிளை நிறுத்தி, அவருடைய வலது காது கேட்காது என்பது நினைவுக்கு வந்து, சுற்றிக்கொண்டு இடது பக்கம் போய்ச் சொன்னாள்.

கோ அவளையே பார்த்தார். பிறகு கடலைப் பார்த்தார். கையிலிருந்த நரம்பில் ஏதோ துடித்துக்கொண்டிருந்ததால் அதை மேலே தூக்கினார். மூன்று சாளை. கம்பி காலடியில்தான் கிடந்தது. அவர் குனியவில்லை. முதல் மீனைக் கையால் இறுக்கிப் பிடித்து முள்ளைக் கழற்றினார், இரண்டாவதையும் அப்படியே, மூன்றாவதையும். தொட்டிக்குள் போட்ட பிறகு உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். வெள்ளியாய்ச் செதில் அப்பியிருந்தது. சட்டையில் துடைத்தார். எல்லாம் போகவில்லை.

"எப்ப எடுக்கறீங்க?"

"ஜும்ஆ முடிஞ்சதும். சுவா சூ காங் கபுரஸ்தான்ல."

அவர் தலையசைத்தார். சல்வா தான் வந்த காரணத்தைச் சொன்னாள். அம்மா பேரா என்று அவர் யோசித்தார். முப்பது வருடத்தில் அவர்கள் வஞ்சிரத்தைப் பற்றியும், ஈயக் குண்டின் எடையைப் பற்றியும், டாக்சி வாடகையைப் பற்றியும், காலால் கழுதைபோல் உதைத்த ஒரு ஜப்பானிய முதலாளியைப் பற்றியும் பேசியிருக்கிறார்கள். அம்மாவைப் பற்றி ஒரே ஒரு தடவை.

"அதுவும் எங்கம்மாவப் பத்தி," என்றார். "கல்லறைய தோண்டி எடுக்கணும்னு கவர்மெண்ட் கடுதாசி வந்திருக்கு இல்ல? போய்ப் பாத்தா கல்லுல பேரு அழிஞ்சிபோச்சு. பெத்த புள்ள, எனக்கே படிக்க முடியல. அத இவன்கிட்டச் சொல்லிக்கிட்டிருந்தேன். இவன் நரம்பத் தூக்கிக்கிட்டே ஏதோ சொன்னான். எனக்குத்தான் இந்தக் காது அவுட்டு. முப்பது வருஷமா செவிட்டுக் காதுப் பக்கமாவே நின்னு பேசியிருக்கான் பாரு, மடையன்."

சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

"அப்ப நான் இருந்தேனா அங்கிள்?"

"நீ இல்லாமயா? இங்கதான் குந்தியிருந்த, புத்தகத்த மடியில வெச்சிக்கிட்டு. உன்னப் பாத்துத்தான் சொன்னான். ஆறு முள்ளும் காலியா வந்துச்சு லா அந்தத் தடவ. காலி நரம்பப் பிடிச்சிக்கிட்டு என்னடா பேச்சுன்னு நான்கூடக் கேலி பண்ணேன்."

சல்வா பையிலிருந்து ஏட்டை எடுத்தாள். ஆகஸ்ட் 3. ஒன்பதாவது தூக்கல், மூன்று. பத்தாவது, ஐந்து. பதினொன்றாவது, இரண்டு. காலி என்று எந்தத் தூக்கலுக்கும் எழுதியிருக்கவில்லை. கணக்கில் ஐந்து கூடுதல்.

அவர் எண்ணுவது மலாயில். மலாயில் ஐந்துக்கு லிமா. ஹலிமா என்று பேர் வைத்த பெண்ணை வீட்டில் கூப்பிடுவதும் லிமாதான். கடைசியில் ஒரு மூச்சு கூடுதலாக விட வேண்டும், அவ்வளவு வித்தியாசம். காற்றடிக்கும் ஜெட்டியில் அந்த மூச்சு யாருக்குக் கேட்கும்.

அவளுக்கு இப்போது அது நினைவு வந்தது, அல்லது நினைவு வந்ததுபோல் இருந்தது. எந்த அளவுக்கு நினைவு, எந்த அளவுக்கு இப்போது சேர்த்துக்கொண்டது என்று பிரிக்க முடியவில்லை. தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறாள். கோ ஏதோ பேசிக்கொண்டே இருக்கிறார், அவள் அதைக் கேட்கவில்லை, எண்ணுக்காக மட்டும் காதை வைத்திருக்கிறாள். லிமா, என்கிறார் அவர். லிமாவா, என்கிறாள். ஆமாம், லிமா. குரல் வழக்கத்தைவிட மெதுவாக இருக்கிறது. எழுதிட்டியா என்கிறார். எழுதிட்டேன் என்கிறாள். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் காலி நரம்பைப் பார்த்திருப்பாள்.

"அங்கிள், அது போன ஞாயிறுதானா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

கோ யோசித்தார். கடிதம் வந்து மூன்று வாரமாகிறது, பையிலேயே வைத்திருக்கிறார், பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லியிருக்கிறார். போன ஞாயிறாகவும் இருக்கலாம், அதற்கு முந்தியதாகவும் இருக்கலாம்.

"எனக்குத் தேதி தெரியாதும்மா. தேதி போடறது நீதானே."

நான்கு மணி நேரத்துக்கு அப்புறம், சுவா சூ காங் போகும் பேருந்தில், சல்வா எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னாள். ஜும்ஆ தொழுகை முடிந்து, பள்ளிவாசலிலேயே இறந்தவருக்கான ஜனாஸா தொழுகையும் முடிந்திருந்தது. மய்யித்து வண்டி முன்னால் போய்க்கொண்டிருந்தது. இவ்வளவு நேரம் சொல்லாததற்குக் காரணம், குளிப்பாட்டுவதும் கபன் துணி சுற்றுவதுமாக வீடு நிறைய ஆட்கள் இருந்தது என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். சொல்லலாமா வேண்டாமா என்று அவள் ஏட்டின் பின் பக்கத்தில் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்ததும் காரணம்தான்.

எழுதியது இதுதான். கோ சொல்லும் நாள் அந்த ஞாயிறுதானா என்று தெரியாது. காலியாக வந்தது பத்தாவது தூக்கல்தானா என்று தெரியாது. அவர் சொன்னது ஒரு பேர் என்றே வைத்துக்கொண்டாலும் அது அவருடைய தாயின் பேர் என்று அவர் வாயால் சொல்லி யாரும் கேட்கவில்லை.

முன் இருக்கையிலிருந்து ரோக்கியாவின் அண்ணன் கமாரி திரும்பிப் பார்த்தார். காலையிலிருந்து எல்லா வேலையையும் எடுத்துப் போட்டுச் செய்துகொண்டிருந்தவர் அவர்தான்.

"இமாம் கேட்டா என்ன சொல்லட்டும்?"

ரோக்கியா மகளைப் பார்த்தாள். "லிமாங்கறது நிச்சயமா?"

"நிச்சயம்னு சொல்ல முடியாது மாக்."

"பத்துக்கு எவ்வளவு? உங்க வகுப்புல சொல்வீங்கல்ல."

சல்வா ஜன்னல் வழியே பார்த்தாள். எட்டு என்று நினைத்தாள். அதிகமோ என்று தோன்றியது.

"ஏழு."

"மார்க் போடுது பொண்ணு," என்றார் கமாரி.

ரோக்கியா மடியிலிருந்த பூவும் ரம்பை இலையும் மிதக்கும் தண்ணீர்க் குடுவையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பேருந்து திரும்பும்போதெல்லாம் தண்ணீர் விளிம்புவரை வந்து போயிற்று.

"மீதி மூணு?" என்றாள். "எனக்கு முன்னாடி ஊர்ல ஒருத்திய கட்டியிருந்தாரு. அவ பேரு எனக்குத் தெரியாது, நான் கேக்கல. அவ பேரா இருந்தா? தெரியாத ஒருத்தியோட புள்ளைன்னு சொல்லி அவர மண்ணுக்குள்ள எழுப்பவா?"

இல்லை மாக், அது அவர் அம்மாதான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அம்மா அதற்காகத்தான் காத்திருக்கிறாள் என்பதும் தெரிந்தது. ஆனால் தெரியாத ஒன்றைத் தெரியும் என்று சொல்ல அவளுக்கு வரவில்லை. எப்போதும் வந்ததில்லை.

ரோக்கியா அண்ணன் பக்கம் திரும்பினாள். "ஹவ்வான்னே சொல்லச் சொல்லுங்க. அது தப்பாகாது."

மண் மூடி முடிந்தபோது வெயில் சரியத் தொடங்கியிருந்தது. இமாம் தலைமாட்டில் பாய் விரித்து உட்கார்ந்தார். ஆண்கள் சுற்றிக் குந்தினார்கள். பெண்கள் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். வேலியோரமாகக் கோ ஒரு கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். நல்ல காது இந்தப் பக்கம் இருக்கும்படி தலையைச் சாய்த்திருந்தார். அவர் எப்படி வந்தார் என்று சல்வாவுக்குத் தெரியாது.

ஓதல் தொடங்கியது. ஹவ்வாவின் மகன் ஜுமாட்டே, என்று இமாம் கூப்பிட்டார். குரலை உயர்த்தவில்லை. அடுத்த அறையில் தூங்குகிற ஒருவரை எழுப்புவதுபோல் இருந்தது.

இப்போதும் சொல்லலாம் என்று சல்வா நினைத்தாள். இரண்டு எட்டு எடுத்துவைத்து, கமாரி மாமாவின் தோளைத் தொட்டால் போதும்.

ஹவ்வாவின் மகன் ஜுமாட்டே. உன் இறைவன் யார் என்று அவர்கள் கேட்டால் பயப்படாதே, தயங்காதே, தெளிவாகச் சொல்.

இப்போதும்.

மூன்றாவது முறையும் கூப்பிட்டார். ரோக்கியா குனிந்து குடுவைத் தண்ணீரைத் தலைமாட்டிலிருந்து கால்மாட்டுவரை ஊற்றினாள். மண் அதை உடனே குடித்துவிட்டது. பிறகு பாயைச் சுருட்டினார்கள்.

மாலைத் தொழுகைக்குப் பிறகு வீட்டில் யாசீன் ஓதினார்கள். வந்தவர்களுக்கு ரொட்டியும் கோழிக் குழம்பும் கொடுத்து அனுப்பினார்கள். ஒன்பது மணிக்குக் கூடம் காலியாகிவிட்டது. ரோக்கியா அடுப்படியில் குவளைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். சல்வா துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய கைபேசி அடித்தது.

சாபியா. பதினொரு அழைப்பைப் பார்த்ததுமே புரிந்துபோயிற்று என்றாள். அவள் அழுது முடிக்கும்வரை சல்வா காத்திருந்தாள். எப்போது, எப்படி, கடைசியாக என்ன சாப்பிட்டார், யார் குளிப்பாட்டினார்கள், கபுரு எந்தப் பக்கம் என்று சாபியா ஒவ்வொன்றாகக் கேட்டாள். சல்வா ஒவ்வொன்றாகப் பதில் சொன்னாள். அந்தக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் அவளிடம் சரியான பதில் இருந்தது.

"தல்கீன் நல்லா ஓதினாங்களா?"

"ஓதினாங்க அத்தை."

"லிமா மகனேன்னுதானே கூப்பிட்டாங்க? அண்ணன் சொல்லிட்டான் எங்கிட்ட. போன ஞாயித்துக்கிழம ராத்திரி போன் பண்ணான். ரோக்கியா பொண்ணு புத்தகத்துல அம்மா பேர எழுதிக்கிட்டா, இனி எனக்குக் கவலையில்லன்னான். என்ன திடீர்னுன்னு கேட்டேன். யாரோ சீனன் அவங்கம்மா கல்லுல பேரு அழிஞ்சுபோச்சுன்னானாம்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "எங்கம்மா சாகறப்ப இவன் அங்க பட்டறையில வேலைல இருந்தான். மண்ணு போட வர முடியல. அத நெனச்சு நெனச்சே இருந்தான். இனிமே போய்ப் பாத்துக்கட்டும். அம்மா பேரச் சொல்லிக் கூப்பிட்டா அம்மாவுக்கும் கேக்குமில்ல?"

சல்வா சன்னலுக்கு வெளியே பார்த்தாள். எதிர் அடுக்குமாடிப் புளோக்கில் யாரோ மூங்கில் கழியிலிருந்து துணிகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று.

"சல்வா? கேக்குதா?"

"கேக்குது அத்தை. நாளைக்கு எந்தப் படகுல வர்றீங்க?"

சாபியா நேரத்தைச் சொன்னாள். கருவாடு கொஞ்சம் எடுத்து வரட்டுமா, ரோக்கியா சாப்பிடுவாளா என்று கேட்டாள். எடுத்து வாருங்கள் என்றாள் சல்வா.

கைபேசியை வைத்துவிட்டுத் திரும்பினாள். ரோக்கியா கழுவிக்கொண்டேதான் இருந்தாள்.

"சாபியாவா?"

"ஆமா மாக்."

"அவங்கம்மா பேரு சொன்னாளா?"

"சொன்னாங்க."

ரோக்கியா குழாயை மூடினாள். கையில் ஒரு குவளை இருந்தது. அதைக் கவிழ்க்கவும் இல்லை, சல்வாவிடம் நீட்டவும் இல்லை. சல்வா துணியோடு நின்றாள்.

பிறகு ரோக்கியா குழாயைத் திறந்து, ஏற்கெனவே கழுவிய அந்தக் குவளையை மறுபடி கழுவத் தொடங்கினாள்.

ஆகஸ்ட் 8, வெள்ளி. நாளை: ஹார்பர்ஃபிரண்ட், காலை 9.40 படகு. சாபியா அத்தையை நானே போய் அழைத்து வருவது. அங்கிருந்து நேராகக் கபுருக்கு. போகும் வழியில், பேருந்திலேயே, எந்தப் பேரில் கூப்பிட்டோம் என்று சொல்லிவிடுவது.